கமைஸ் வெள்ளையடித்த மூன்று கபர்கள்

ராஸ் கஸீர் என்ற கடலோர ஊரில் கமைஸின் வீடு எது என்று கேட்டால் சிரித்துக்கொண்டே வழி காட்டுவார்கள். "ரோமானியன் கபருக்கு வெள்ளையடிச்சாரே, அவரா?" என்பார்கள். ஒரு மனிதர் பிறந்து, வேலை பார்த்து, கல்யாணம் செய்து, ஒரு மகளைப் படிக்க வைத்து, செத்தும் போனார். ஊர் ஞாபகம் வைத்திருப்பது கல்லறைகளுக்கு அடித்த ஒரு வாளிச் சுண்ணாம்பை. அந்தச் சிரிப்பைக் கேட்கும்போதெல்லாம் மகள் ரவ்தாவுக்குப் பல்லைக் கடித்துக்கொள்ளத் தோன்றும்.

கமைஸ் ஒரு மீனவரின் மகன். ராஸ் கஸீரில் கணவாய் பிடிக்கிறவர்கள் மண்பானைகளைக் கயிற்றில் கோத்துக் கடலில் இறக்குவார்கள். எட்டுக்கால் கணவாய் பானையை வீடென்று நம்பி உள்ளே போய் உட்கார்ந்துகொள்ளும். மறுநாள் கயிற்றை இழுத்தால் வீட்டோடு வந்துவிடும். கமைஸுக்கு அந்தத் தொழில் ஒட்டவில்லை. படகு கரையை விட்டு நகர்ந்தாலே குமட்டல் வந்துவிடும். "கமைஸ் மீனுக்கு இரை போடுறான், வலையை எடுங்கடா" என்று படகில் கேலி செய்வார்கள். இருபது வயதில் கடலுக்குக் கும்பிடு போட்டுவிட்டுக் கரைக்கு வந்து கடப்பாரையைப் பிடித்தார்.

அப்போது வெளிநாட்டிலிருந்து ஒரு குழு வந்து கடலுக்குள் நீண்ட முனையின் வடபக்கத்தைத் தோண்டிக்கொண்டிருந்தது. ரோமானியர் ஆட்சியில் அது ஒரு துறைமுகம். தண்ணீரோரம் மீனை உப்பில் ஊறவைத்த தொட்டிகள். அவற்றுக்குப் பின்னால் ஜாடி சுட்ட சூளைகள். அதற்கும் பின்னால், ஒலிவ மரங்கள் தொடங்கும் மேட்டில், செத்தவர்கள். எண்ணெயும் மீன்சாறும் ஜாடி ஜாடியாக இங்கிருந்து ரோமுக்குக் கப்பலேறின. குழு சில கோடைக்காலங்கள் தோண்டியது. படங்கள் எடுத்துக்கொண்டது. நல்ல பொருட்கள் தலைநகரத்து அருங்காட்சியகத்துக்குப் போயின. குழுவும் போய்விட்டது. குழிகள் மட்டும் மிஞ்சின. அரசின் தொல்பொருள் அலுவலகம் சுற்றிலும் கம்பிவேலி போட்டு, ஒரு கொட்டகை கட்டி, கமைஸிடம் சாவியைக் கொடுத்தது. முப்பத்தோரு வருடம் அந்தச் சாவி அவர் இடுப்பில் தொங்கியது.

அந்த ரோமானிய இடுகாட்டில் கிடந்த கபர்களின் வடிவம் அவருக்குப் புதிதல்ல. நீளமாக, முதுகு வளைந்து, கவிழ்த்துப் போட்ட படகு மாதிரி. ஊர் மையவாடியில் அவருடைய வாப்பாவின் கபரும் அப்படித்தான் இருக்கும். கல்லை அடுக்கி மேலே காரை பூசியவை. சிலவற்றின் நெற்றியில் சிவப்பு மையால் எழுதிய பெயர்களின் மிச்சம் இருந்தது. முதுகில் ஒரு மண்குழாய் நட்டிருக்கும், வாய் மேலே திறந்தபடி. திருநாட்களில் சொந்தக்காரர்கள் வந்து அந்தக் குழாய் வழியாகச் செத்தவருக்குத் திராட்சை மது ஊற்றுவார்களாம். தோண்டியவர்கள் சொல்லிக் கேட்டது.

"பணக்காரன் பேரெல்லாம் பளிங்குக் கல்லுல வெட்டித் தலைநகரத்துல வெச்சிருக்கான். இவங்க கல்லுல வெட்ட வக்கில்லாதவங்க. மையால எழுதிட்டுப் போயிட்டாங்க" என்பார் கமைஸ். "ஜாடியைச் சுமந்து கப்பல்ல ஏத்துனது இவங்க. ரோமுக்கு நல்ல ஜாடி போச்சு. இவங்களுக்குக் கிடைச்சது உடைஞ்ச ஜாடி. அதுக்குள்ளதான் புள்ளையை வெச்சுப் புதைச்சான்."

அப்படிச் சொல்லும்போது யாரோ நேற்று அவர் வீட்டுப் பிள்ளைக்குச் செய்த அநியாயம் போலக் குரல் ஏறும். பிறகு அடங்கிவிடும். அதிகம் கோபப்படத் தெரியாத மனிதர். அவருடைய பங்குக் கோபத்தையும் மனைவி ஸல்ஹாவே பட்டுவிடுவாள்.

பத்து வருடம் முன்பு அலுவலகம் கபர்களுக்கு மேலே தகரக் கூரை போட்டது. நல்ல காரியம்தான். கூரை விளிம்பில் மழைத் தண்ணீர் பிடிக்கத் தகரப் பீலியும் வைத்தார்கள். ஆனால் பீலியின் சரிவு வாட்டத்தைக் கடல் பக்கம் கொடுக்காமல் உள்பக்கம் கொடுத்துவிட்டார்கள். அதன் வாய் மூன்றாம் வரிசைக் கபர்களுக்கு நேர் மேலே முடிந்தது. அங்கிருந்து தண்ணீரை வெளியே கொண்டுபோக ஒரு குழாய் வரவேண்டும். வரவில்லை. கமைஸ் ஒவ்வொரு இலையுதிர் காலமும் அலுவலகத்துக்குச் சொன்னார். அடுத்த வருடம் பார்க்கலாம் என்றார்கள். அவர் ஒரு பீப்பாயைக் கொண்டுவந்து கீழே வைத்தார். நல்ல மழையில் பீப்பாய் டீ குடிக்கும் நேரத்துக்குள் நிறைந்து வழிந்தது.

பிறகு வந்தது அந்தப் பெருநாள்.

ராஸ் கஸீரில் பெருநாளுக்கு முன்னால் எல்லாரும் தங்கள் வீட்டுக் கபர்களுக்கு வெள்ளையடிப்பார்கள். கபருக்கென்று கலக்கிய சுண்ணாம்பை வீட்டுக்குத் திருப்பிக் கொண்டுபோகக் கூடாது. மிச்சம் இருந்தால், கேட்க நாதியில்லாத கபராகப் பார்த்து அடித்துவிட்டு, துஆ ஓதிவிட்டு, வாளியைக் கவிழ்த்துவிட்டுத்தான் வரவேண்டும். அன்றைக்குக் கமைஸ் தன் வாப்பா, உம்மா கபர்களை முடித்தார். வாளியில் பாதி இருந்தது. நாதியில்லாத கபரைத் தேடினால், அவருக்கு முன்னாலேயே ஊர்க்காரர்கள் எல்லாவற்றையும் வெளுத்துவிட்டிருந்தார்கள். வாளியோடு வேலியைத் திறந்துகொண்டு ரோமானியர்களிடம் போனார். அவர்களைவிட நாதியற்றவர்கள் யார்? மூன்றாம் வரிசையில் மூன்று கபர்களுக்கு அடித்தார். ஓதினார். வாளியைக் கவிழ்த்தார். வீட்டுக்கு வந்து குளித்துவிட்டுச் சாப்பிட்டார்.

நடுக் கபரின் நெற்றியில் சிவப்பு எழுத்து இருந்தது. வெயிலில் அது மருதாணிக் கறை மாதிரி மங்கிப்போயிருந்தது. அவர் கண்ணில் படவில்லை.

பெருநாள் முடிந்து ஒரு வாரத்தில் யாரோ பெரிய மனிதர் பார்வையிட வருவதாகச் சேதி. அலுவலகம் அவசரமாக இரண்டு பயிற்சி மாணவர்களை அனுப்பிச் சுண்ணாம்பைச் சுரண்டச் சொன்னது. கையில் இரும்புக் கரண்டி. சுண்ணாம்பு வந்தது. அதோடு காரையும் வந்தது. பெயரும் வந்தது. வெள்ளையடித்த மூன்றில் மட்டும் என்றில்லை. அந்த வரிசை முழுக்கக் காரை உப்பி நின்றது. கை பட்டதும் அப்பளம் மாதிரி நொறுங்கி விழுந்தது. பெரிய மனிதர் பார்த்தார். யார் செய்தது என்று கேட்டார். காவலாளி என்றார்கள்.

ஸல்ஹா போன் செய்தபோது ரவ்தா ஸ்ஃபாக்ஸ் நகரத்துக்கு வெளியே ஒரு சாலைப் பாலத்தின் அடியில் நின்றுகொண்டிருந்தாள். அவள் வடிகால் பொறியாளர். தண்ணீர் எங்கிருந்து வருகிறது, எங்கே போகவேண்டும், தப்பாகப் போனால் எதைத் தின்னும் என்பதுதான் அவள் படிப்பு, பிழைப்பு எல்லாம்.

"உன் வாப்பா கையெழுத்துப் போடப் போறாராம்டி. வந்து கேளு."

"எதுல?"

"அந்த வரிசை மொத்தமும் அவரால கெட்டுச்சுன்னு எழுதிக் கொண்டாந்திருக்கானுங்க. போட்டா கேஸ் இல்லாம வீட்டுக்கு அனுப்பிடுவானுங்களாம். போடாட்டி கோர்ட்டாம்."

ரவ்தா அன்று மதியமே வந்துவிட்டாள். கமைஸ் முற்றத்தில் வாற்கோதுமை ரொட்டியை எண்ணெயில் தோய்த்துத் தோய்த்துத் தட்டிலேயே வைத்துக்கொண்டிருந்தார். வாய்க்கு எதுவும் போகவில்லை.

"வாப்பா, நீங்க எத்தனை கபருக்கு அடிச்சீங்க?"

"மூணு."

"அவங்க எத்தனைன்னு எழுதியிருக்காங்க?"

"வரிசை மொத்தமும்."

"அப்ப எப்படிக் கையெழுத்துப் போடுவீங்க?"

கமைஸ் ரொட்டியைப் பார்த்துக்கொண்டே பேசினார். "பேரு அழிஞ்சு போச்சு ரவ்தா. ரெண்டாயிரம் வருஷமா நின்னது. எத்தனை மழை, எத்தனை வெயிலு. நான் போய் அழிச்சேன். ஒருத்தன் பேரை அழிச்சவன், ஒண்ணா ஒன்பதான்னு கணக்குப் பேசலாமா?"

"நீங்க அழிக்கல. சுரண்டுனவன் அழிச்சான்."

"நான் அடிக்காட்டி அவன் ஏன் சுரண்டப் போறான்?"

அடுப்படியிலிருந்து ஸல்ஹா குரல் கொடுத்தாள். "உசுரோட இருக்கிற எங்க வீட்டுச் சுவத்துக்கு அடிங்கன்னா முதுகு வலி, இடுப்பு வலி. செத்துப் போன காஃபிருக்குன்னா வாளியைத் தூக்கிக்கிட்டு ஓட்டம். அவன் என்ன, மறுமையில வந்து சாட்சி சொல்லுவானா?"

"சொன்னாலும் சொல்லுவான்" என்றார் கமைஸ்.

"சொல்லுவான், சொல்லுவான். 'என் பேரை அழிச்சவன் இவன்தான்'னு சொல்லுவான்."

சொன்ன பிறகுதான் ஸல்ஹாவுக்குத் தான் என்ன சொன்னோம் என்பது உறைத்தது. கமைஸ் எழுந்து கை கழுவப் போய்விட்டார். தட்டில் ரொட்டி எண்ணெயைக் குடித்து ஊறிக் கிடந்தது.

ரவ்தா மறுநாள் காலையில் அகழாய்வுத் தளத்துக்குப் போனாள். கூரையைப் பார்த்த கணமே புரிந்துவிட்டது. பீலியின் வாட்டம், அதன் வாய், கீழே துருப்பிடித்த பீப்பாய், பீப்பாயைச் சுற்றி மண் அரித்த பள்ளம். பள்ளத்திலிருந்து தண்ணீர் ஓடிய தடம் கபர்களின் முதுகுவரை போயிருந்தது. பீலியிலிருந்து விழுந்து தெறித்த தண்ணீர் நேராக மண்குழாய்களின் திறந்த வாய்க்குள் இறங்கியிருக்கிறது. மது ஊற்றுவதற்கு வைத்த வாய். பத்து குளிர்காலம் கூரைத் தண்ணீரைக் குடித்திருக்கிறது. கபரின் வயிறு ஊறி, உப்பு உள்ளிருந்து வெளியே தள்ளி, காரையைக் கல்லிலிருந்து பிரித்துவிட்டது. காரை தோலாக மட்டும் நின்றிருக்கிறது. சுண்ணாம்பு அதன்மேல் விழுந்த கடைசி வாரத்துக் கதை. கூரைக்கு வெளியே, பீலித் தண்ணீர் எட்டாத ஓரத்தில், தகரமே இல்லாமல் வெயில் காய்ந்த கபர்கள் திடமாக நின்றன. விரலால் தட்டினாள். கல் மாதிரி ஒலித்தன.

அலுவலகத்தின் பொறுப்பாளர் ஃபவ்ஸி மஹ்தியா நகரத்திலிருந்து வந்தார். படித்தவர், இனிமையாகப் பேசுகிறவர். கமைஸைப் பெரியப்பா என்றுதான் கூப்பிடுவார்.

ரவ்தா காட்டினாள். அவர் கேட்டார். கடைசியில் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

"நீங்க சொல்றது சரியா இருக்கலாம் ரவ்தா. ஆனா விசாரணை சுண்ணாம்பைப் பத்தி மட்டும்தான்."

"தண்ணியைப் பத்தி விசாரணை எப்ப?"

"அது வேற துறை."

"கூரை உங்களுது, பீலி உங்களுது, கபரும் உங்களுது. தண்ணி மட்டும் வேற துறையா?"

"கோபப்படாதீங்க. பெரியப்பா கஷ்டப்படக் கூடாதுன்னுதான் இப்படி ஒரு வழி பண்ணியிருக்கேன். கையெழுத்துப் போட்டா வீட்டோட நிம்மதியா இருப்பாரு. யாரும் எதுவும் கேட்க மாட்டாங்க."

"கேட்க மாட்டாங்க. உங்களை."

ஃபவ்ஸி கண்ணாடியை மாட்டிக்கொண்டு வண்டிக்குத் திரும்பினார்.

வீட்டுக்கு வந்து வாப்பாவிடம் எல்லாம் விளக்கினாள். தரையில் கோடு போட்டுத் தண்ணீரின் வழியைக் காட்டினாள். கமைஸ் பொறுமையாகக் கேட்டுக்கொண்டார். "நீ சொல்றது புரியுது மகளே. தண்ணி அவங்க பாவம். பேரு என் பாவம்" என்றார். ரவ்தா வாழ்க்கையில் முதல்முறையாக வாப்பாவிடம் குரலை உயர்த்தினாள்.

"உங்க பாவத்துல அவங்க பாவத்தையும் சேர்த்துக் கட்டி உங்க முதுகுல ஏத்துறாங்க. நீங்க குனிஞ்சு நிக்கிறீங்க. ஜாடி தூக்குனவனுக்காகப் பரிதாபப்பட்டீங்களே, நீங்க யாரு? அதே கூலிதானே?"

கமைஸ் ஜெப்பா அங்கியை மடித்து வைத்துக்கொண்டிருந்தார். மடிப்பதை நிறுத்தவில்லை. மறுநாள் விசாரணைக்குப் போட்டுக்கொள்ள எடுத்து வைத்த நல்ல ஜெப்பா.

விசாரணை தளத்திலேயே நடந்தது. ஃபவ்ஸியும், தலைநகரத்திலிருந்து வந்த அதிகாரிகள் இரண்டு பேரும். வெயில் ஏறிவிட்டது. கமைஸ் எல்லாருக்கும் கொட்டகையில் டீ போட்டார், புதினா போட்டு, சர்க்கரை தாராளமாக. விசாரிக்க வந்தவர்களுக்கு விசாரிக்கப்படுகிறவர் டீ ஆற்றிக் கொடுப்பதை ரவ்தா பார்த்துக்கொண்டு நின்றாள். பேனா தயாராக இருந்தது. கமைஸ் அதை வாங்கவும் கை நீட்டிவிட்டார்.

"ஒரு நிமிஷம், தேதி போடலியே" என்றார் ஃபவ்ஸி. எழுதத் தோதாக இடம் தேடினார். நாற்காலி இல்லை. பக்கத்திலிருந்த கபரின் வளைந்த முதுகில் உட்கார்ந்தார். வாக்குமூலத்தை முழங்காலில் வைத்துக்கொண்டார். டீ கிளாஸை மண்குழாயின் வாய் மேல் வைத்தார். வாய்க்கு அளவாகப் பொருந்தியது.

"எழுந்திரு."

யார் சொன்னது என்று எல்லாரும் திரும்பிப் பார்த்தார்கள். கமைஸ். அவர் அதிகாரி ஒருவரை ஒருமையில் பேசி யாரும் கேட்டதில்லை.

"என்ன பெரியப்பா?"

"பெரியப்பா கிரியப்பா எல்லாம் அப்புறம். கபரு மேலேருந்து எழுந்திரு. கிளாஸை எடு."

"பெரியப்பா, இது ரெண்டாயிரம் வருஷத்துப் பழசு. உள்ள ஒண்ணுமே இல்ல. எலும்பைக்கூட எடுத்தாச்சு."

"எத்தனை வருஷம் ஆனா உட்காரலாம்? சொல்லு. படிச்சவன்தானே. நூறா? இருநூறா? எங்க வாப்பா போய் நாப்பது வருஷம் ஆச்சு. அவர் மேல என்னைக்கு வந்து உட்காரப் போறே? நான் செத்தா என் மேல என்னைக்கு கிளாஸை வைப்பே?"

அதிகாரிகளில் ஒருவர் தொண்டையைச் செருமினார். ஃபவ்ஸி எழுந்தார். முகம் சிவந்திருந்தது. கிளாஸை எடுக்கும்போது கொஞ்சம் டீ குழாய்க்குள் சிந்தியது.

கமைஸ் பேனாவுக்கு நீட்டிய கையை இழுத்துக்கொண்டார். "நான் அடிச்சது மூணு கபரு. கபருன்னு நினைச்சு அடிச்சேன். அந்தப் பேரு போனதுக்கு அல்லாஹ் கிட்ட நான் பதில் சொல்லிக்கிறேன். நீ பெஞ்சுன்னு நினைச்சு உட்கார்றே. உன் காகிதத்துல நான் கையெழுத்துப் போட மாட்டேன்."

ரவ்தா அன்றைக்கு வாப்பாவைப் பார்த்துப் பெருமைப்பட்டாள். அந்தப் பெருமைக்கு அவள் கொடுத்த விலையை ஃபவ்ஸி ஒருநாளும் கொடுக்கப் போவதில்லை.

சாவியை வாங்கிக்கொண்டார்கள். கமைஸின் தங்கை மகன் மனூபிக்கு வேலை கொடுத்தார்கள். வழக்கு மஹ்தியா கோர்ட்டுக்குப் போனது. ஒவ்வொரு வாய்தாவுக்கும் கமைஸ் அந்த நல்ல ஜெப்பாவைப் போட்டுக்கொண்டு, சிவப்புத் தொப்பி வைத்துக்கொண்டு பஸ் ஏறினார். அலுவலகத் தரப்பு வக்கீல் வரவில்லை. வாய்தா. மறுபடி போனார். கோப்பு வரவில்லை. வாய்தா. பேச வேண்டியதை மனப்பாடம் செய்து வைத்திருந்தார். முற்றத்தில் நடந்துகொண்டே சொல்லிப் பார்ப்பதை ஸல்ஹா கேட்டிருக்கிறாள். "கனம் நீதிபதி அவர்களே, நான் மூணு கபருக்கு வெள்ளையடிச்சேன்." ஒருநாளும் அதைச் சொல்ல விடவில்லை. ஒரு பிப்ரவரி மாதம் கோர்ட்டுக்கு எதிரே பஸ்ஸுக்குக் காத்திருந்தபோது, பக்கத்தில் இருந்தவரிடம் தலை சுற்றுகிறது என்றார். தலையை அவர் தோளில் சாய்த்தார். அவ்வளவுதான்.

ஜனாஸா தொழுகைக்கு ஃபவ்ஸியும் வந்திருந்தார். ஆண்கள் வரிசையில் நின்று தொழுதார். பிறகு வாசலுக்கு வந்து ரவ்தாவிடம், "நல்ல மனுஷன். இப்படி ஒரு காவலாளி எங்களுக்குக் கிடைக்க மாட்டாரு" என்றார்.

"அதை எழுதிக் கொடுங்க."

"ரவ்தா, இது அதுக்கான நேரம் இல்ல."

"எது நேரம்? சொல்லுங்க, நான் வர்றேன்."

உறவுக்காரப் பெண்கள் அவளை உள்ளே இழுத்துக்கொண்டு போனார்கள். "துக்க வீட்டுக்கு வந்தவனைக் கடிச்சுக் குதறுறியேடி" என்றாள் ஒரு மாமி. "குதறல மாமி, கேட்டேன்" என்றாள் ரவ்தா. அழுகை வரவில்லை. நாற்பதாம் நாள்வரை வரவில்லை. அதுவரை அவளுக்கு வந்தது கோபம் மட்டும்.

நாற்பது முடிந்து கோர்ட்டுக்குப் போனாள். குமாஸ்தா கோப்புக் கட்டைப் பார்த்துவிட்டுச் சொன்னார்: "எதிரி இறந்துட்டாரு. இறந்தவர் மேல வழக்கு நிக்காது. முடிச்சாச்சு. நல்லதுதானேம்மா?"

"நிரபராதின்னு எழுதியிருக்கா?"

"அதெப்படி? விசாரிக்கவே இல்லியே. முடிஞ்சுதுன்னுதான் போட்டிருக்கு."

"விசாரிங்க. நான் வந்து பேசறேன். எங்க வாப்பா பேச வெச்சிருந்ததையும் பேசறேன்."

"அப்படி வழி இல்லம்மா. செத்தவங்களுக்குக் கோர்ட் இல்ல."

அந்த மாதமே தளத்தின் வாசலில் புதுப் பலகை வைத்தார்கள். மூன்று மொழியில். மூன்றாம் வரிசைக் கபர்கள் காவலாளியின் சுண்ணாம்புப் பூச்சால் சிதைந்தன என்று. பெயர் போடவில்லை. போட்டிருந்தால்கூடத் தேவலை என்று ரவ்தாவுக்குத் தோன்றியது. கூலிக்காரனின் குற்றத்தை எழுத மூன்று மொழி இருக்கிறது. அவன் பெயரை எழுத ஒரு மொழியில்கூட இடம் இல்லை. பலகையைப் பார்த்து நின்ற அன்றுதான் அவள் முடிவு செய்தாள். காகிதத்தில் விசாரிக்க மாட்டார்கள் என்றால் மழை விசாரிக்கட்டும். தண்ணீரைத் திருப்பிவிட்டால், மிச்சம் இருக்கிற காரை நிற்கிறதா விழுகிறதா என்று ஊரே பார்க்கும்.

முதலில் முறைப்படி கேட்டாள். பீலியின் வாட்டத்தை மாற்றித் தருகிறேன், செலவும் என்னுடையது, வரைபடம் இதோ என்று அலுவலகத்துக்கு எழுதினாள். பதில் இல்லை. கோடை முழுக்கப் பதில் இல்லை. செப்டம்பரில் கடல் பக்கம் கறுத்துக்கொண்டு வர ஆரம்பித்தது. ரவ்தா லீவு போட்டாள். ஏணி, ரம்பம், திருகுகள், இரண்டு நீளத் தகரம். எல்லாவற்றையும் ஒரு சிறு வண்டியில் ஏற்றிக்கொண்டு, பட்டப்பகலில், தளத்து வாசலில் நிறுத்தினாள்.

அக்கா முறையான அவளைப் பார்த்து மனூபி ஓடி வந்தான். "லாத்தா, வேண்டாம் லாத்தா. என் வேலை போயிடும்."

"நீ தடுத்தேன்னு சொல்லு. நான் உன்னைத் தள்ளிட்டுப் போனேன்னு சொல்லு."

"நீங்க என்னைத் தள்ளுனீங்கன்னா எவன் நம்புவான்?"

"அப்ப கீழே விழு. நம்புவாங்க."

மனூபி விழவில்லை. கேட்டையும் மறிக்கவில்லை. கொட்டகைக்குப் போய் ஃபவ்ஸிக்குப் போன் போட்டான். போட்டுவிட்டு வந்து ஏணியைப் பிடித்துக்கொண்டான். "விழுந்து தொலைச்சீங்கன்னா மாமி என்னைக் கொன்னுடுவாங்க" என்றான்.

கூரை சூடாக இருந்தது. பீலியைப் பிடித்திருந்த பழைய தாங்கிகளின் திருகுகள் துருவேறி இறுகியிருந்தன. ரவ்தா அவற்றைக் கழற்றவில்லை, அறுத்தாள். தாங்கிகளை ஒவ்வொன்றாக இறக்கிக் கடல் பக்கம் வாட்டம் கொடுத்தாள். உள்பக்கத்து வாயைத் தகரம் வைத்து அடைத்தாள். பாதி வேலையில் முதல் துளிகள் விழுந்தன. தகரத்தில் புழுதி வாசனை எழுந்தது. கீழே பாதையில் அலுவலகத்து வண்டி வந்து நின்றது.

ஃபவ்ஸி கையால் தலையை மறைத்துக்கொண்டு கூரைக்கு அடியில் ஓடி வந்தார். "ரவ்தா! இறங்குங்க! இது பாதுகாக்கப்பட்ட இடம். இதுல கை வெச்சா என்ன தண்டனைன்னு தெரியுமா?"

"தெரியும். எங்க வீட்டுல ஒருத்தர் அனுபவிச்சிருக்காரு."

"போலீஸைக் கூப்பிட்டாச்சு."

"நல்லது. இந்தத் தடவை பலகையில பேரோட எழுதுங்க. கமைஸ் மகள் ரவ்தான்னு. மூணு மொழியிலயும் எழுதுங்க."

மழை பிடித்துக்கொண்டது. பேச்சு கேட்கவில்லை. ரவ்தா குப்புறப் படுத்துக் கூரை விளிம்பில் கடைசித் தாங்கியை எட்டிப் பிடித்தாள். பீலியில் தண்ணீர் சேர்ந்தது. ஒரு கணம் தயங்கி, பிறகு கடல் பக்கமாக ஓட ஆரம்பித்தது. பழுப்பு நிறத்தில், பத்து வருடத்து ஒலிவ இலைகளையும் துருவையும் அடித்துக்கொண்டு, வேலிக்கு அப்பால் சூளைகளின் சரிவில் போய் விழுந்தது. உள்ளே ஒரு சொட்டு இல்லை.

தகரத்தின் இடுக்கு வழியாக அவளுக்கு ஃபவ்ஸி தெரிந்தார். மூன்றாம் வரிசைக்குப் பக்கத்தில் நின்றிருந்தார். குனிந்து மண்ணைத் தொட்டுப் பார்த்தார். மேலே பீலியைப் பார்த்தார். மறுபடி காய்ந்து கிடந்த மண்ணைப் பார்த்தார். வாயைத் திறந்து ஏதோ சொன்னார், கேட்கவில்லை. மனூபி ஏணிக்கு அடியிலிருந்து கத்தினான்.

"லாத்தா, சார் பார்த்துட்டாராம்! இறங்கச் சொல்றாரு! பேசிக்கலாமாம்!"

ரவ்தாவுக்குக் கோபம் ஒரு துளியும் இறங்கியிருக்கவில்லை. வாப்பா பேச வைத்திருந்த ஒரு வாக்கியத்தை அவர்கள் கேட்டிருந்தால் போதும், இந்தக் கூரையில் இன்று யாரும் ஏறியிருக்க வேண்டாம். பார்த்துவிட்டாராம். இப்போது.

"மழை நிக்கட்டும், வர்றேன்" என்று கத்தினாள். ஈரக் கையைச் சட்டையில் துடைத்துக்கொண்டு, கடைசித் திருகை இறுக்க ஆரம்பித்தாள்.